அனுபவம் பேசுகிறது: புலி வந்த அன்று

எங்கள் வீட்டுக் காருக்கு நாங்கள் வைத்திருந்த செல்லப் பெயர் 'தொணதொணப்பு'. ரிவர்ஸ் கியர் போட்டால் போதும், பின்னால் ஈ, காக்கை இல்லாவிட்டாலும் "பீப்... பீப்..." என்று ஒரே கத்தல். மழை நாளில் கேட்கவே வேண்டாம்!

"அது கிடக்கு, கத்தித் தீரட்டும்" என்பார் என்னவர். நானும் சிரித்துக்கொண்டே டிபன் டப்பாவை நீட்டுவேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் காலை. இரவெல்லாம் மழை. வழக்கம்போலக் கார் கத்தியது. வழக்கம்போல அவரும் பின்னால் எடுத்தார். திண்ணையில் இருந்த மாமியார் "ஐயோ, நிறுத்துடா!" என்று போட்ட கூச்சலில் எனக்குக் கை கால் வெலவெலத்துப் போயிற்று. ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு இரண்டு வயதுக் குழந்தை காருக்குப் பின்னால் குந்திக்கொண்டு, உதிர்ந்த பவழமல்லியைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறது! இடைவெளி ஒரு முழம் இருந்தால் அதிகம். வாரி எடுத்து அணைத்துக்கொண்டேன். என்னவர் காரை விட்டு இறங்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று.

'புலி வருது' கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். கடைசியில் நாமே அந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டோமே!

அன்றைக்கே மெக்கானிக்கிடம் போனோம். அவர் பொறுமையாக விளக்கினார். பின் பம்பரில் சின்ன வட்டப் பொத்தான் மாதிரி இருப்பவைதான் சென்ஸார். வௌவாலைப் போல, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அது எதிலாவது பட்டுத் திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுமாம். அதன் மேல் சேறோ நீர்த்துளியோ ஒட்டியிருந்தால், அதையே தடை என்று எண்ணிக் கத்திவிடும். உயர வளர்ந்த புல், செங்குத்தான வாசல் சரிவு, பின்னால் மாட்டிய இழுவைக் கொக்கி இவையும் அதை ஏமாற்றும். எங்கள் காரில் ஒரு சென்ஸார் இடம் பிசகித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொன்றில் காய்ந்த சேறு. அரை மணியில் சரியாயிற்று. இத்தனை நாள் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டோம்!

நம் நாட்டில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களுக்கு இந்தச் சென்ஸார் கட்டாயம். ஆகவே கார் வைத்திருக்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்:

* வாரம் ஒரு முறை மெல்லிய ஈரத்துணியால் சென்ஸாரைத் துடையுங்கள். சுரண்ட வேண்டாம்.

* துடைத்தும் கத்தினால், மழையிலா, சரிவிலா, எப்போதுமா என்று கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லுங்கள்.

* தொல்லை என்று ஒயரை மட்டும் பிடுங்கவிடாதீர்கள்.

* கத்தவில்லை என்றாலும் முழுக்க நம்பாதீர்கள். பம்பருக்குக் கீழே, மிக அருகில் இருப்பதும், மெல்லிய கம்பியும் அதற்குத் தப்பிவிடலாம். ஒருவர் பின்னால் போய்ப் பார்த்து, குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்ட பிறகே வண்டி நகரட்டும்.

இப்போது எங்கள் கார் எப்போதாவதுதான் கத்துகிறது. கத்தினால் உடனே பிரேக்தான்.

மாமியார் சிரிக்கிறார்: "அதுவும் என்னை மாதிரிதாண்டி. தொணதொணக்கிறதேன்னு காதை மூடிக்காதீங்க. ஒரு நாள் விஷயத்தோடதான் கத்தும்!"