போணி ஆகறதுக்கு முன்னாடி போகாதீங்க!

"போன வருஷமும் உங்க காலேஜ்ல இருந்து வந்தாங்க. 500 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணம் என்னாச்சுன்னு யாராவது வந்து சொன்னீங்களா தம்பி?"

மதுரை கீழமாசி வீதி மளிகைக் கடை ஒன்றில், கல்லாவில் இருந்த அண்ணாச்சி பழைய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி இது. என்.எஸ்.எஸ். பசங்க எட்டுப் பேர் பதிலே இல்லாமல் நின்றோம். குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் போர்வை வாங்க வசூல். அன்றைக்கு மொத்தக் கலெக்‌ஷன் 340 ரூபாய்!

என்ன தப்பு பண்ணினோம்? எல்லாமே தப்புதான். காலை ஒன்பதரைக்கு, போணிகூட ஆகாத நேரத்தில், எட்டுப் பேர் மொத்தமா உள்ளே போய் 'ஏதாவது குடுங்க சார்'னு நின்றால் யார் கொடுப்பாங்க?

அதைவிடப் பெரிய கூத்து, இல்லத்துக்குப் போனப்பதான் தெரிஞ்சது. "போர்வை நிறைய இருக்குப்பா. மாசக் கடைசியில அரிசியும் எண்ணெயும்தான் இழுபறி"ன்னாங்க வார்டன் அக்கா. கொடுக்கிறவங்களையும் கேட்கலை, வாங்கிக்கிறவங்களையும் கேட்கலை!

மறுபடி கிளம்பினோம். இந்த முறை ரெண்டு ரெண்டு பேரா. மதியச் சாப்பாடு முடிஞ்சு கடை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் மூணு மணிக்கு. கையில் பிரின்சிபால் கையெழுத்துப் போட்ட கடிதம், இல்லம் எழுதிக் கொடுத்த லிஸ்ட். மளிகைக் கடையில் ஒரு மூட்டை அரிசி, ஸ்டேஷனரி கடையில் நோட்டு... அவங்கவங்க விற்கிறதையே கேட்டோம். கடைக்காரருக்கு அது அடக்க விலையோடு போயிடும். பணமா எடுத்துக் கொடுப்பதைவிட மனசு சுலபமா வரும்.

'வரிச் சலுகை கிடைக்கும் சார்'னு மட்டும் அவசரப்பட்டு அளந்துவிடாதீங்க. 80ஜி என்று பேர் வாங்கின அந்தச் சலுகை, பொருளாகக் கொடுத்தால் கிடையாது. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தின் ரசீதும் வேணும்.

பெரிய கம்பெனிகளுக்குக் கதை வேற. 2013 கம்பெனிகள் சட்டப்படி, முந்தின நிதியாண்டில் 5 கோடி ரூபாய் நிகர லாபத்தைத் தொட்ட கம்பெனி, மூணு வருஷ சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவிகிதத்தை சமூகப் பணிக்குச் செலவிடணும். ஆனால், வேறொரு அமைப்பு மூலமா செலவு பண்றதா இருந்தால், 2021 ஏப்ரலில் இருந்து அந்த அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவம் கொடுத்துப் பதிவு எண் வாங்கியிருக்கணும். அது இருக்கான்னு கேட்டுக்கிட்டு அப்புறம் கம்பெனி வாசலை மிதிங்க.

கொடுக்கிறது நம்ம ஊர் வியாபாரிகளுக்குப் புதுசும் இல்லை. விருதுநகரில் வியாபாரத்தில் ஒரு சின்னப் பங்கை 'மகமை'னு ஒதுக்கி வெச்சு பள்ளிக்கூடமே நடத்தியிருக்காங்க. 1889-ல் ஆரம்பிச்ச க்ஷத்ரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். தன் காசு எங்கே போகுதுன்னு கண்ணால் பார்த்தவங்க, திரும்பவும் கொடுத்தாங்க.

எங்க கதைக்கு வர்றேன். பொருளையெல்லாம் ஒப்படைச்ச மறுநாள், யார் என்ன கொடுத்தாங்க, எல்லாம் போய்ச் சேர்ந்துச்சான்னு ஒரே பக்கத்தில் கணக்கு எழுதி, இல்லத்தின் கையெழுத்தோடு ஜெராக்ஸ் போட்டு, ஒவ்வொரு கடைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தோம். குழந்தைகளை வரிசையா நிக்க வெச்சு போட்டோ எடுக்கலை. அந்தப் பசங்களுக்கும் ரோஷம் உண்டு பாஸ்!

'முடியாது'ன்னு சொன்ன கடைகளுக்கும் ஒரு காப்பி கொடுத்தோம். அதில் ரெண்டு கடை, அடுத்த மாசம் தாங்களாகவே அரிசி அனுப்பிச்சாங்க.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முழுசா படித்தார். பழைய ரசீது இருந்த அதே டிராயரில் வைத்தார். அப்புறம் சொன்னார்...

"அடுத்த வருஷம் நீங்க படிப்பு முடிஞ்சு போயிடுவீங்க. போறதுக்கு முன்னாடி உங்க ஜூனியர் பசங்களைக் கூட்டியாந்து காட்டிட்டுப் போங்கப்பா."

கூட்டிட்டுப் போனோம். நீங்களும் போவீங்கதானே?