மோட்டார் வண்டியில் இன்னொலி

திண்டுக்கல்லில் பூட்டுச் செய்யும் பட்டறையை நம் மாணவருட் பலர் ஒருமுறையேனும் எட்டிப் பார்த்திருப்பர். ஒரு பூட்டுக்கென அராவிய சாவி அப்பூட்டுக்கே உரியது, மற்றொன்றிற் புகாது, புகுந்தாலும் திரும்பாது. 2019ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அத்தொழிலின் மாண்பு இதிலேதான் அடங்கியிருக்கின்றது. இத்துணையும் அறிந்த ஊரார், தம் காருக்குள் பாட்டிசைக்கும் கருவியைப் பற்றி எண்ணுங்கால் மட்டும், எச்சாவியும் எப்பூட்டையும் திறக்கும் என்று கருதுதல் வியப்பே. கார் வாங்கிய மறு திங்களே அதனோடு வந்த ஆம்ப்ளிபயரைக் கழற்றி எறிந்து, கடையில் விற்கும் பெரியதொன்றை இருக்கையின் அடியிற் பொருத்திக்கொள்ளும் வழக்கம் நம் இளைஞரிடைக் காணப்படுகின்றது. அவ்வழக்கம் முற்றும் தவறென்பது எம் கருத்தன்று. யாமும் அதனைச் செய்தோம், செய்து பட்டோம், பட்டபின் எழுதுகின்றோம்.

காரிற் பாட்டுக் கேட்கும் ஆசை பழையது. 1930ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் சிகாகோ நகரத்துக் கால்வின் சகோதரர் மோட்டாரோலா என்னும் பெயரிட்டுக் கார் வானொலியை விற்கத் தொடங்கினர். குறிப்பிட்ட ஒரு காரின் அறைக்கேற்ப ஒலியைத் திருத்தியமைக்கும் முறை மிகப் பிற்பட்டது. அதில் முன்னின்றோருள் ஒருவர், வங்கத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒருவரின் மகனாகிய பேராசிரியர் அமர் போஸ் என்பதை நம்மவர் பெருமையோடு நினைக்கலாம். அவர் நிறுவிய கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் சிலவற்றின் 1983ஆம் ஆண்டு மாதிரிகளுக்கென்றே ஒலிச்சாதனம் வகுத்தது. கண்ணாடி ஒலியைத் திருப்பியடிக்கும். இருக்கைத் துணி அதனை விழுங்கும். ஓட்டுபவர் காது ஒரு கதவுக்கு அண்மையிலும் மற்றொன்றுக்குச் சேய்மையிலும் இருக்கும். இவற்றையெல்லாம் அளந்து, எவ்வலையைக் கூட்டுவது, எதனைக் குறைப்பது என்னும் திருத்தத்தை, உயர்விலைக் கார்கள் பலவற்றில், தொழிற்சாலையார் ஆம்ப்ளிபயருக்குள்ளேயே பதித்து வைக்கின்றனர். ஸ்பீக்கரின் மின்தடையும் வழக்கமான 4 ஓமாக இராமல் 2 ஓமாக இருக்கக்கூடும். ஆம்ப்ளிபயரைக் கழற்றினால் அத்திருத்தமும் உடன் போய்விடும். சில கார்களில், திரும்பும்போது கேட்கும் டிக்டிக் ஓசையும், இருக்கைப் பட்டை அணியாவிடில் எழும் எச்சரிக்கையும் அதன் வழியே வருவன, அவையும் ஊமையாகும். எம் வண்டியோடு வந்தது அத்தகைய நுண்மைகள் ஒன்றும் இல்லாத எளிய சிறு பெட்டி. ஆதலின் யாம் இழக்கத்தக்கது மிகுதியாக இல்லை.

பெரும்பாலான மயக்கம் வாட் என்னும் ஒரு சொல்லால் விளைவது. எஞ்சின் ஓடுங்கால் காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 14 வோல்ட். அதனை உயர்த்தும் உறுப்பில்லாத ஆம்ப்ளிபயர், 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சிதைவின்றித் தரக்கூடியது கணக்கின்படி 25 வாட்டுக்குள்ளேதான். பெட்டியின் மேல் 50 வாட் என்று அச்சிட்டிருப்பின், அது கணநேர உச்சத்தைச் சொல்வது. சரி, உண்மையாகவே இருமடங்கு வாட் கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். ஒலி உயர்வது 3 டெசிபலே. காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அஃதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். பௌதிக வகுப்பில் இதனைப் படித்துத் தேர்வெழுதிய மாணவரே கடைவாயிலில் இதனை மறந்து நிற்பதை யாம் கண்டிருக்கின்றோம்.

அங்ஙனமாயின் புதிய ஆம்ப்ளிபயரால் பயனே இல்லையோ? உண்டு. கொஞ்சும் சலங்கை (1962) படத்தில் எஸ். ஜானகியின் குரலும் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரமும் இணைந்து செல்லும் பாட்டை யாம் வழிதோறும் கேட்பதுண்டு. பழைய பெட்டியில், நாகசுரம் உச்சிக்கு ஏறுமிடத்தே ஒலி கரகரத்துக் கிழிந்தது. ஆம்ப்ளிபயரின் ஆற்றல் தீர்ந்தவிடத்தே அலையின் முடி அறுபடுவதே இதற்குக் காரணம். ஆற்றல் மிக்க ஒன்று, அதே ஓசையளவில், அம்முடியை அறுக்காமல் விட்டுவிடும். யாம் மாற்றியது இதற்காகவே. அதன்பொருட்டு இன்றும் வருந்தவில்லை.

வருந்தியது வேறொன்றிற்கு. 400 வாட் தரும் ஆம்ப்ளிபயர், நூற்றுக்கு எண்பது பங்கு திறனுடையதாயினும், முழுவேகத்தில் ஏறத்தாழ 36 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். காரின் முகப்பு விளக்குகள், தலா 55 வாட்டாயின், இரண்டும் சேர்ந்து உண்பது எட்டொன்பது ஆம்பியரே. ஆதலின் பாட்டரியிலிருந்தே தடித்த தனிக் கம்பி இழுத்தாக வேண்டும். எம் வண்டியிலும் இழுத்தனர். எஞ்சினுக்கும் அறைக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரைத் துளைத்து, துளைக்கு ரப்பர் வளையமிடாமல் இழுத்தனர். பியூஸ் ஆம்ப்ளிபயரின் அருகில் இருந்தது. பாட்டரியின் அருகில் இல்லை. நான்கு திங்கள் கழித்துக் கொடைரோட்டிலிருந்து இரவில் திரும்புங்கால் ரப்பர் தீயும் நாற்றம் எழுந்தது. பின்னிருக்கையிற் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர். அவர்களை இறக்கிச் சாலையோரத்தில் நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தபோது, கம்பியின் உறை தகட்டின் விளிம்பில் உராய்ந்து உரிந்து, செம்பு தெரியப் புகைந்துகொண்டிருந்தது. கம்பி அவ்விடத்தே தகட்டைத் தொட்டால், மறுகோடியிலுள்ள பியூஸ் என்ன செய்யும்? பாட்டரியின் ஆற்றல் முழுதும் அத்துளையின் வழியே பாயும். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருந்திருப்பின் அஞ்சுதற்கு இடமில்லை. அதன் விலை நாம் சிற்றுண்டிக்குச் செலவிடும் தொகையே. கடைக்காரரை மட்டும் நோவதற்கில்லை. மாலைக்குள் முடித்துத் தருமாறு நெருக்கியவர் யாமே.

இனி ஓசையைப் பற்றி. 85 டெசிபலை நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் காது தாங்கும் என்றும், 3 டெசிபல் ஏறுந்தோறும் அந்நேரம் பாதியாகக் குறையும் என்றும் அமெரிக்கத் தொழில் நலத்துறையார் வரையறுத்துள்ளனர். 100 டெசிபலுக்கு எஞ்சுவது 15 நிமிடமே. அஃது ஒட்டன்சத்திரம் போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும். நம் நாட்டின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலை எல்லையாக வைத்துள்ளன. தைப்பூசக் காலத்தில் பழனிச் சாலையின் ஓரத்தே முதியோரும் பெண்டிரும் இருளில் நடந்து செல்வதை நாம் ஆண்டுதோறும் காண்கின்றோம். அவர்களுக்கு அருகே ஓடும் வண்டிக்குள், பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஒலிகூடக் கேளாதவாறு தாளம் அதிர்வதை எவ்வகையிலும் எம்மால் ஒப்ப இயலவில்லை.

பாட்டுக் கிழிகின்றதா, ஓசைதான் போதவில்லையா என்பதை முதலிற் காதாற் கேட்டுத் தெளிக. பிந்தியதாயின், நல்ல ஸ்பீக்கர்களை இட்டு, கதவுத் தகடு அதிராமல் உட்புறம் ஒட்டுத்தாள் ஒட்டினாலே பலருக்குப் போதும். முந்தியதாயின் மாற்றுக, ஆனால் தொழிற்சாலைக் கம்பியை வெட்ட விடாதீர், உரிய சொருகி கடையிற் கிடைக்கின்றது. வெட்டிய கம்பியைக் காட்டி உத்தரவாதத்தை மறுக்கவும் கூடும்.

எம் வண்டியில் இப்போது வளையமும் உண்டு, பியூஸும் உண்டு. கழற்றிய சிறு பெட்டி வீட்டு அலமாரியில் துணி சுற்றி இருக்கின்றது. வண்டியை விற்கும் நாளில் அதனை மீண்டும் பொருத்தியே கொடுப்பதாக எண்ணியுள்ளோம்.