ரயில் நிலையப் பாடகர்: கலைஞரா, பிச்சைக்காரரா?

லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் கிட்டார் வாசிப்பவர் உரிமம் பெற்ற கலைஞர். சென்னைக் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயிலில், தோளில் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தொங்கவிட்டுத் திரைப்பாடல் பாடிவரும் பார்வையற்றவரோ, சட்டத்தின் கண்ணில் பிச்சைக்காரர். இருவரும் செய்யும் வேலை ஒன்றுதான்.

இசையின் தரமே இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என எண்ணுவோர் உண்டு. 2007 ஜனவரியில் வாஷிங்டனின் மெட்ரோ நிலையம் ஒன்றில், உலகப் புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஜோஷுவா பெல், தாம் யார் என்பதை வெளிக்காட்டாமல் 43 நிமிடங்கள் வாசித்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரைக் கடந்து சென்றனர். நின்று கேட்டவர்கள் ஏழு பேர். வயலின் பெட்டியில் விழுந்தது 32 டாலர் சொச்சம். ரயிலைப் பிடிக்க ஓடும் கூட்டத்தைத் தரத்தின் நடுவராக்க முடியாது.

உரிமமும் உரிமையும்

லண்டனிலும் சுரங்க ரயில் நிலையங்களில் வாசிப்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டே இருந்தது. 2001இல் அது சோதனை முறையில் அனுமதிக்கப்பட்டது. 2003இல் உரிமத் திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தேர்வில் தேறியவருக்கு ஒரு அட்டை, முன்பதிவு செய்த நேரம், தரையில் குறியிடப்பட்ட இடம் ஆகியவை கிடைக்கின்றன. பாரிஸ் மெட்ரோவும் 1997 முதல் இத்தகைய தேர்வை நடத்தி வருகிறது.

நியூயார்க் வேறு வழியில் வந்தது. சுரங்க ரயில் நிலையங்களில் இசைக்க விதிக்கப்பட்டிருந்த தடை, கருத்து வெளியீட்டு உரிமைக்கு முரணானது என 1985இல் அங்கு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அதே காலத்தில், தேர்வு நடத்தி இடம் ஒதுக்கும் திட்டமும் உருவானது. ஆனால் அதில் சேராதவரும், விதிகளுக்கு உட்பட்டு நடைமேடையில் வாசிக்கலாம். லண்டனில் அது அனுமதி, நியூயார்க்கில் உரிமை. தேர்வில் தோற்ற பாடகருக்கு இந்த வேறுபாடு அன்றைய சாப்பாடு.

பரிசிலும் பிச்சையும்

இந்தியாவில் 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம், 144ஆவது பிரிவில், ரயில் பெட்டியிலும் நிலையத்திலும் பிச்சையெடுப்பதைத் தடை செய்கிறது. 1959ஆம் ஆண்டின் பம்பாய்ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல் என எந்தப் பெயரில் பொது இடத்தில் பிச்சை பெற்றாலும் அது பிச்சையே என்று அது வரையறுத்தது. ஊர் ஊராகச் சென்று பாடிப் பரிசில் பெற்ற பாணருக்கு ஆற்றுப்படை நூல்கள் எழுந்த மொழியில் இந்த வரையறையை வாசிப்பது விசித்திரமான அனுபவம்.

பின்னாளில் டெல்லிக்கும் விரிவுபடுத்தப்பட்ட அந்தச் சட்டத்தில், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கிய பிரிவுகளை 2018 ஆகஸ்டில் டெல்லி உயர்நீதிமன்றம் ரத்துச் செய்தது. அத்தீர்ப்பின் எல்லை டெல்லி மட்டுமே. மறு ஆண்டு, மேற்கு வங்கத்தின் ரானாகாட் ரயில் நிலையத்தில் பாடிய ரானு மண்டல் இணையத்தில் புகழடைந்து, இந்தித் திரைப்படத்தில் பாடும் வாய்ப்பையும் பெற்றார். நாடு கொண்டாடியது, ரயில்வே சட்டத்தின் தடை அப்படியே இருந்தது.

சென்னையிலும் உரிமம் வழங்கலாமே என்ற யோசனை எளிதாகத் தோன்றும். ஆனால் வரையறையை மாற்றாமல் உரிமம் கொண்டுவந்தால், அட்டை இல்லாதவரை இறக்கிவிடுவது காவலருக்கு மேலும் எளிதாகிவிடும். தேர்வுக்கு வருவோர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற இளைஞர்களாகவே இருப்பர். பாட்டுத்தான் பாடுபவரின் தொழில் என்பதைச் சட்டம் முதலில் ஏற்க வேண்டும்.

ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாம் பகுதியில் வாழும் தமிழர்களுக்கும் இந்த விவாதம் தொலைவானதல்ல. அந்நகரின் மையப் பகுதிக்கு அடியில் 3.45 கிலோமீட்டர் நீளச் சுரங்க ரயில் பாதை அமைக்கப்பட்டு, இரண்டு புதிய சுரங்க நிலையங்கள் கட்டப்பட்டுள்ளன. மழை படாத, எதிரொலிக்கும் நடைபாதைகளை எந்த நாட்டு இசைக்கலைஞரும் விடுவதில்லை. அங்கு வீதியில் வாசிப்போரை மாநகர சபையின் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஆனால் கலைஞர் என்ற பெயரிலேயே.

அங்குள்ள சிக்கல் வேறு: அட்டையைத் தட்டிப் பயணம் செய்வோரின் சட்டைப் பையில் சில்லறை இல்லை. லண்டன் 2018இல் வீதி இசைக்கலைஞர் சிலருக்கு அட்டைவழிப் பணம் பெறும் கருவிகளை வழங்கியது. இந்தியாவில் அதன் இடத்தில் கைபேசியால் படம்பிடிக்கும் கியூஆர் குறியீடு இருக்கிறது. பார்வையற்ற பாடகருக்கோ, பணம் வந்துசேர்ந்ததைக் கைபேசி உரக்கச் சொன்னால்தான் தெரியும். அதையும் அவர் பாடிக்கொண்டே, ஓடும் ரயிலின் இரைச்சலுக்கு நடுவே கேட்க வேண்டும்.