'இல்லை' என்று சொல்லும் முன்...



"கம்ப்யூட்டரே இல்லைன்னு சொல்லிடுச்சு, அப்புறம் என்ன?" என்று பலர் பேசக் கேட்டிருப்பீர்கள். நாம் எப்படித் தேடச் சொல்கிறோமோ அப்படித்தான் அது தேடும். அதனால் 'இல்லை' என்ற பதிலை உடனே நம்பக் கூடாது என்பது என் கருத்து.

பிளஸ் டூ கணினி அறிவியலில் பைத்தான் படிக்கிறோம். அதில் ஒரு லிஸ்டுக்குள் பல லிஸ்டுகளை வைக்கலாம். நம்ம இரண்டு மாவட்டத் தாலுகாக்களை எழுதிப் பாருங்க:

முதல் வரிசை: பெரம்பலூர், குன்னம், வேப்பந்தட்டை, ஆலத்தூர்.
இரண்டாம் வரிசை: அரியலூர், உடையார்பாளையம், செந்துறை, ஆண்டிமடம்.

இந்த 2 வரிசையையும் ஒரே பெரிய லிஸ்டில் போட்டு, "இதுல செந்துறை இருக்கா?" என்று 'இன்' போட்டுக் கேட்டால் 'ஃபால்ஸ்' என்று வரும்! கண்ணுக்கு முன்னாடி இருக்கிற செந்துறை எங்கே போச்சு?

பெரிய லிஸ்டில் இருப்பது 8 பெயர் அல்ல, 2 லிஸ்ட். 'செந்துறை' என்ற சொல்லை அந்த 2 லிஸ்டோடு ஒப்பிட்டு, "இரண்டும் இது இல்லை" என்கிறது பைத்தான். உள்ளே திறந்து பார்க்கவில்லை. பி.எச்.பி.யில் உள்ள 'இன் அர்ரே'யும் இப்படித்தான், மேலோடு பார்த்துவிட்டுப் போய்விடும்.

சரி, என்ன செய்வது? 'ஃபார்' லூப் போட்டு ஒவ்வொரு வரிசையாக எடுத்து, அதற்குள் 'இன்' போட்டுத் தேட வேண்டும். கிடைத்தால் 'இருக்கிறது' என்று சொல்லி 'பிரேக்' போடலாம். ஆனால் 'இல்லை' என்பதை லூப் முழுவதும் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். லூப்புக்குள்ளேயே 'எல்ஸ்' எழுதினால், முதல் வரிசை முடிந்ததுமே "இல்லை" என்று வந்துவிடும்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. 2002, 2005 பட்டியல்களில் தங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு தேடினார்கள். வாக்காளர் பட்டியலும் லிஸ்டுக்குள் லிஸ்ட்தான். தொகுதி, அதற்குள் பாகம், அதற்குள் வரிசை எண்.

இங்கேதான் சிக்கல். 2005-இல் அரியலூர் தனி மாவட்டமே இல்லை. 2001-இல் பிரிந்து, 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, 2007-இல்தான் திரும்பவும் தனியானது. தொகுதிகளும் 2008 மறுவரையறையில் மாறின. அதற்கு முன் வரகூர், ஆண்டிமடம் என்று தொகுதிகள் இருந்தன. குன்னம் என்ற தொகுதி அப்போது கிடையாது. ஆண்டிமடத்துக்காரர்கள் இன்று ஓட்டுப் போடுவது ஜெயங்கொண்டம் தொகுதியில்.

எங்களுக்குத் தெரிந்த ஆண்டிமடத்துப் பாட்டி ஒருவருக்கு, பழைய பட்டியலில் ஜெயங்கொண்டத்தை மட்டும் பார்த்துவிட்டு "உங்க பேரு இல்லை ஆயா" என்று சொல்லிவிட்டார்கள். அவர் பேரன் ஆண்டிமடம் தொகுதியைத் திறந்து பார்த்ததும் பெயர் கிடைத்தது. ஒரு வரிசையை மட்டும் பார்த்துச் சொன்ன 'இல்லை', ஒருவருடைய ஓட்டுக்கே ஆபத்தாகியிருக்கும்!

"அவ்வளவு பெரிய பட்டியலை முழுசும் யாருப்பா பார்ப்பாங்க?" என்று கேட்கலாம். மனிதனுக்குக் கஷ்டம்தான். ஆனால் எத்தனை ஆயிரம் பெயர் என்றாலும் கம்ப்யூட்டர் நொடியில் பார்த்துவிடும். ஒரு லூப் கூடுதலாக எழுதச் சோம்பல்படுவது நாம்தான்! இன்னொன்று, எழுத்து ஒன்று மாறினாலும் அதற்கு அது வேறு சொல். 'செந்துறை'யை 'செந்துரை' என்று அடித்தால் கிடைக்காது. அதையும் கவனிக்கணும்.

நண்பர்களே, எனக்கு இரண்டு விருப்பம் உண்டு. லேபில் ஒரு வரி சுருக்கு வழியைக் கற்கும் முன், லூப் போட்டு நாமே ஒருமுறை தேடிப் பழகுவோம். வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ யாருக்காவது எந்தப் பட்டியலில் பெயர் தேடிக் கொடுத்தாலும், எல்லா வரிசையையும் பார்ப்போம்.

'இருக்கு' என்று சொல்ல ஒரு இடத்தில் பார்த்தால் போதும். 'இல்லை' என்று சொல்ல எல்லா இடத்திலும் பார்த்திருக்க வேண்டும். சிந்திப்போம்!

– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, கணினி அறிவியல் பிரிவு