மரம் வரைஞ்சாச்சு... ஆட்டிப் பார்த்தீங்களா?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு கோல் மாடல் வரைஞ்சு, கலர் பிரின்ட்டும் போட்டாச்சு. ரிவ்யூவுக்கு முந்தின நாள் கைடு கூப்பிட்டு, "ஒரே ஒரு சின்ன மாற்றம்ப்பா"ங்கிறார். அன்னிக்கு ராத்திரி தூக்கம் உண்டா, இல்லையா? இதைத்தான் 'பராமரிப்புத் திறன்'னு சாஃப்ட்வேர் புத்தகங்கள் சொல்லுது பாஸ்!

வாங்க, ஜவ்வாது மலைக்குப் போவோம். ஆலங்காயம் தாண்டினா காவலூர். அங்கே வைணு பாப்பு வானாய்வகத்தில் 1972-ல் ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1977-ல் யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடிச்சதில் அதுக்கும் பங்கு உண்டு. 1986-ல் 2.34 மீட்டர் டெலஸ்கோப். இதுக்கு நடுவுல உலகம் முழுக்க வானியல்காரங்க போட்டோ பிளேட்டை விட்டுட்டு சி.சி.டி. சிப்புக்கு மாறினாங்க.

இப்போ இந்த டெலஸ்கோப்புக்கு நாமளே ஒரு கோல் மாடல் வரைவோம். உச்சியில் 'நட்சத்திர ஒளியைப் பதிவு செய்'. 'எப்படி?'ன்னு கேட்டுக் கேட்டு கீழே இறங்கணும்: டெலஸ்கோப்பைக் குறி பார்த்துத் திருப்பு, பூமி சுத்துறதுக்கு ஈடா நகர்த்து, ஒளியைச் சேமி, மழை வந்தா குவிமாடத்தை மூடு. பெல்ஜியத்தில் ஆக்ஸல் வான் லாம்ஸ்வீர்டே குழு 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'கேயாஸ்' முறை இதுதான். (பேரைக் கேட்டு பயப்படாதீங்க!)

'பிளேட்'ங்கிற வார்த்தையை எந்தப் பெட்டியில் எழுதினீங்க? அடியில், 'ஒளியைச் சேமி'க்குக் கீழே மட்டும்னா தப்பிச்சீங்க. 'இருட்டறையில் கழுவு' போய், 'சிப்பைக் குளிர்வி' வரும், அவ்வளவுதான். உச்சியிலேயே 'பிளேட்டில் பதிவு செய்'னு எழுதியிருந்தா, கிளை கிளையா ரப்பர் தேயும்.

அளக்கிறதும் ஈஸி. நடக்க வாய்ப்புள்ள ஒரு மாற்றத்தை எடுங்க. எத்தனை பெட்டியைத் திருத்த வேண்டியிருக்குன்னு எண்ணி, மொத்தப் பெட்டிகளால் வகுங்க. 30-ல் 2 என்றால் ஜாலி. 30-ல் 12 என்றால் காலி. ஒரே மாற்றத்தை வச்சு முடிவு பண்ணாதீங்க. நாலஞ்சு போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு. கேயாஸில் அடிப்பெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஒரு பொறுப்பாளி வேணும்; ஆளோ, கருவியோ, சாஃப்ட்வேரோ. யார் தலையில் எத்தனை பெட்டின்னும் எண்ணுங்க. குவிமாடத்தை மூடுறவர்தான் டெலஸ்கோப்பையும் திருப்பணும், டேட்டாவையும் சேமிக்கணும்னா, அவர் லீவு போட்டா என்னாகும்? எங்க காலேஜ் ப்ராஜெக்ட்டில் எல்லாப் பெட்டியும் 'அட்மின்' தலையில். ரிவ்யூவில் முதல் கேள்வியே அதுதான்!