குசினிக்குள் நைலோன் வேண்டாம்



சஹருக்கு எழும்பி, தூக்கக் கண்ணோடு அடுப்படிக்குப் போகும் எமது உம்மாமாரும் ராத்தாமாரும் என்ன உடுத்திருக்கிறார்கள் என்று நாம் கவனித்திருக்கிறோமா? நைலோன் நைட்டி. தோளில் தொங்கும் ஷோல்.

வகுப்பில் நாம் பருத்தி நூலையும் நைலோன் நூலையும் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுவதுண்டு. பருத்தி எரிந்து சாம்பலாகும். நைலோன் சுருங்கி, உருகிச் சொட்டும். நைலோன் 6 உருகுவது சுமார் 220 பாகை செல்சியஸில். கொதிநீரே 100 பாகைதான். அந்தச் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும்.

"நைலோன் தானாகவே அணைந்துவிடும்" என்பார்கள். எரியும் பகுதி சொட்டி விழுவதால் சில வேளை அணையும். ஆனால் பருத்தி கலந்த துணியில் பருத்தி திரியைப் போல் நின்று, உருகிய நைலோனைப் பிடித்து வைத்து எரியவிடும்.

நைலோனைத் தீயைத் தாங்கும்படி செய்ய முடியாதா? முடியும். மின்சாதன பாகங்களுக்கான நைலோனில் மெலமைன் சயனுரேட், சிவப்புப் பொஸ்பரஸ் போன்றவற்றைக் கலக்கிறார்கள். உடுப்பு அப்படியல்ல; நாள் முழுக்கத் தோலில் படும், அடிக்கடி கழுவப்படும். அமெரிக்காவில் பிள்ளைகளின் இரவு உடுப்புகளில் சேர்த்த 'டிரிஸ்' என்ற தீத்தடுப்பு இரசாயனம், புற்றுநோய் அச்சத்தால் 1977இல் தடை செய்யப்பட்டது. ஆகவே எந்த மருந்து பூசினாலும் போதும் என்றிருக்க முடியாது. பிரிட்டனில் பிள்ளைகளின் நைட்டி தீப்பரிசோதனையில் தேற வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எமது கடைகளில் அப்படியொரு லேபலை நாம் கேட்டிருக்கிறோமா?

எமது நாட்டு டொக்டர் விஜய கொடகும்புர துணி மாறும்வரை காத்திருக்கவில்லை. குப்பி லாம்பு கவிழ்ந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், எளிதில் உருளாத, திருகுமூடி போட்ட லாம்பை உருவாக்கினார். 1998இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. ஆபத்து தொடங்கும் இடத்திலேயே கை வைத்தார்.

நாமும் அதையே செய்வோம். குசினிக்கென்று தொங்காத பருத்தி உடுப்பு ஒன்றை ஒதுக்கி வைப்போம். பருத்தியும் எரியும், அதனால் ஷோலை முடிந்துகொண்டே அடுப்பைப் பற்றவைக்கச் சொல்வோம். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாமல் நிலத்தில் உருளட்டும். ஒட்டிய துணியைப் பிடுங்காமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் பிடித்துவிட்டு உடனே ஆஸ்பத்திரி போவோம். பற்பசையும் எண்ணெயும் வேண்டாம்.

பெண்களின் கவனக்குறைவு என்று சொல்லி நாம் தப்ப முடியாது. பெருநாளுக்கு அந்த நைட்டியை எடுத்துக் கொடுப்பதும் நாம்தான்.