மரவண்டி: காட்சிக்கோ, சாலைக்கோ?

பழைய மோட்டார் வண்டிகளைச் செப்பனிட்டுப் போற்றுவோர் உலகிற் பலர் உளர். அவர்களுள்ளும், மரத்தாலாய உடலையுடைய ‘ஸ்டேஷன் வாகன்’ என்னும் வண்டிகளைப் போற்றுவோர் ஒரு தனிக் கூட்டத்தினர். ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் இவ்வண்டியை ‘வுடி’ என்று செல்லப் பெயரிட்டு அழைப்பர். பெரும்பொருள் செலவிட்டுப் புதுக்கிய இத்தகைய வண்டியைக் கொட்டகையுள் நிறுத்திக் காத்தல் தகுமோ, அன்றிச் சாலையில் ஓட்டி மகிழ்தல் தகுமோ என்பது ஒரு வினா. யான் இவ்வண்டியில் ஏறியவன் அல்லேன். படத்திலும் நூலிலும் கண்டு காதலித்தவனே. எனினும், ஓட்டுதலே முறை என்பது என் துணிபு. அத்துணிபிற்குரிய காரணங்களை நண்பர்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் இவ்வண்டியின் பிறப்பினைக் காண்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், புகைவண்டியினின்று இறங்கிய பிரயாணிகளையும் அவர்தம் பெட்டி மூட்டைகளையும் நிலையத்திலிருந்து விடுதிகட்குக் கொண்டு செல்லவே இஃது ஏற்பட்டது. ‘ஸ்டேஷன்’ என்னும் அடைமொழி அது பற்றியே வந்தது. தொடக்கத்தில் மோட்டார்க் கம்பெனியாரிடம் அடிச்சட்டத்தையும் எந்திரத்தையும் மட்டும் வாங்கி, தச்சுப் பட்டறையிற் கொடுத்து, அதன்மேற் பலகைகளும் இருக்கைகளும் கூரையும் பொருத்திக்கொள்வர். 1929-ஆம் ஆண்டில் போர்டு கம்பெனியார் தம் ‘மாடல் ஏ’ வகையில் ஸ்டேஷன் வாகனையும் தம் விற்பனைப் பட்டியலிற் சேர்த்துக்கொண்டனர். அழகு கருதியன்று, பயன் கருதியே அதன் உடல் மரத்தால் ஆயிற்று. சிறு தொகையாய்ச் செய்யும் வண்டிக்கு எஃகுத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரும் அச்சுக்களைச் செய்வித்தல் கட்டாது. தச்சன் கை உளியே மலிவு.

மிச்சிகன் மாகாணத்தின் வடபகுதியில் ஹென்றி போர்டு பெருங்காடுகளை விலைக்கு வாங்கி, அயர்ன் மௌண்டன் என்னும் ஊரையடுத்து மரம் அறுக்கும் ஆலையொன்றை நிறுவினார். மேப்பிள், பிர்ச்சு முதலிய வன்மரங்கள் அங்கே உலர்த்தி அறுக்கப்பட்டு வண்டிகளின் உறுப்புக்களாயின. கழிந்த துண்டுகளையும் வீணாக்காது கரிக்கட்டிகளாக்கி விற்றனர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், வீரரை ஏற்றிச் செல்லும் எந்திரமில்லா வானூர்திகள் 4,000-த்திற்கு மேற்பட்டவை அதே ஆலையிற் கட்டப்பட்டன. சாலையில் ஓடும் வண்டிக்கும் விண்ணிற் பறக்கும் ஊர்திக்கும் ஒரே தச்சுத்திறன் உதவியமை வியத்தற்குரியதன்றோ!

எனினும் மரத்தின் வாழ்வு நீடிக்கவில்லை. 1946-இல் வில்லிஸ் கம்பெனியார் எஃகினாலேயே ஸ்டேஷன் வாகன் செய்து, மரம்போலத் தோன்றுமாறு அதற்கு வண்ணந் தீட்டினர். 1949-இல் பிளிமத் கம்பெனியாரும் எஃகு வண்டியை வெளியிட்டனர். 1953-ஆம் ஆண்டின் பியூக் வண்டியோடு அமெரிக்கப் பெருந்தொழிற்சாலைகளில் மெய்யான மரவுடல் முடிவெய்தியது. இங்கிலாந்தில் மட்டும் மாரிஸ் மைனர் டிராவலர் என்னும் சிறு வண்டி, ஆஷ் மரச் சட்டத்தோடு 1953 முதல் 1971 வரை செய்யப்பட்டது. பழைய மரவண்டிகள் விலை வீழ்ந்தன. அவ்வமயம் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமீது பலகையேறி விளையாடும் இளைஞர், நீண்ட தம் பலகைகளை ஏற்றிச் செல்ல இவற்றைச் சொற்ப விலைக்கு வாங்கினர். செல்வர் கைவிட்டதை இளைஞர் எடுத்தாண்டனர். இன்றோ செல்வரே அதனைப் பெரும் விலை கொடுத்து மீட்கின்றனர்.

இனி, ஓட்டுதல் தகாது என்பார் கூற்றை நோக்குவோம். “மரம் மென்மையுடையது, வெயிலில் வார்னீசு வெடிக்கும், மழைநீர் இணைப்புக்களிற் புகுந்து உளுக்கச் செய்யும், சாலையின் அதிர்ச்சியில் மூட்டுக்கள் தளரும். எஞ்சியுள்ளன சிலவே, அவற்றை ஏன் தேய்க்க வேண்டும்?” என்பர். இக்கூற்றில் உண்மை உண்டு. மரம் ஈரத்தை ஏற்று, நரம்போடிய நீளத்தினும் அகலத்தில் மிகுதியாய்ப் பெருத்துச் சுருங்கும் இயல்பினது. ஆதலின் வார்னீசைத் தேய்த்துப் புதிது பூசும் வேலை உடையவனுக்கு அடிக்கடி நேரும்.

ஆயின், நிறுத்தி வைத்த வண்டிக்குக் கேடு இல்லையோ? பல மாதம் நின்ற வண்டியின் பெட்ரோல் பிசினாய்க் குழாயை அடைக்கும். ரப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். சக்கரங்கள் ஒருபுறம் தட்டையாகும். தடைக்குரிய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சித் துருவை உண்டாக்கும். இருக்கையினுள் எலி குடிபுகும். ஓடுதலால் வருந் தேய்வு கண்ணுக்குத் தெரியும், உடனே திருத்தலாம். நிற்றலால் வருங் கேடோ மறைவில் வளரும். ஓட்டுகிறவனே தன் வண்டியின் ஒவ்வோர் ஓசையையும் அறிவான். நேற்றில்லாத கிறீச்சொலி இன்று கேட்பின் எந்த மூட்டு தளர்ந்ததென்று தேடுவான். கண்ணாடிக் கூடத்தில் வைத்தவனுக்கு அவ்வறிவு வாய்க்குமோ?

மற்றொரு தடையும் உண்டு. உளுத்த பலகை யாவும் நீக்கிப் புதுமரம் இட்டபின் அஃது அப்பழைய வண்டிதானோ என்பர். தமிழ் பயிலும் எனக்கு இதற்கு விடை தருவன நம் ஏட்டுச் சுவடிகளே. பனையோலை நெடுங்காலம் நில்லாது. ஆதலின் நம் முன்னோர் ஏடு சிதையுமுன் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதினர். ஓலை புதிது, நூல் பழையது. படிப்பாரற்றுப் பெட்டியுட் கிடந்த ஏடுகளையே செல் அரித்தது. ஆனால் பெயர்த்தெழுதுவோன் தன் மனம்போனபடி சொல்லை மாற்றின் நூல் கெடும். அவ்வாறே, முன்னிருந்த மரவகையையே தேர்ந்து, முன்னிருந்த இணைப்பையே இயற்றி, எது பழையது எது புதியது என்பதை மறையாது சொல்லும் தச்சனே நேர்மையுடையவன். அவன் செய்த வண்டி பழைய வண்டியே என்பேன்.

இவ்வண்டியிற் செல்லும் இன்பம் யாது? விரைவு அன்று. இக்காலத்துச் சிறு மோட்டார் எதுவும் அதனை எளிதில் முந்திவிடும். இருக்கை உயர்ந்தது, கதவு கனத்தது, பலகைகள் தமக்குள் பேசிக்கொள்வனபோல ஒலிக்கும். அவசரமின்மையே இதன் பேரின்பம் எனலாம். பெருஞ்சாலையை விடுத்துச் சிற்றூர்ச் சாலையிற் செல்லும்போது, மரமும் வயலும் மனிதர் முகமும் நம் கண்ணில் நின்று நகரும். போகுமிடம் சேர்வதே குறியாக ஓடும் நம் காலத்தார்க்கு, வழியே பொருளென்று கற்பிக்கும் ஆசிரியன் இவ்வண்டி.

இவ்வின்பம் செல்வர் விளையாட்டே என்று என் தோழர் ஒருவர் இகழ்ந்தார். அவர் சொல் என்னைச் சில நாள் வருத்தியது; முழுதும் மறுக்கவும் இயலவில்லை. எனினும் அவர்க்கு யான் கண்ட விடை இது: ஸ்டேஷன் வாகன் தனியொருவன் பெருமைக்காகப் பிறந்ததன்று. வழிப்போக்கர் பலரையும் அவர் சுமையையும் ஏற்றிச் செல்லவே பிறந்தது. அவ்வண்டிகளுட் பல எண்மர் அமரும் இடமுடையன. அதனை ஏலத்தில் வாங்கிப் பூட்டி வைப்பவன் மரத்தைக் காக்கின்றான். அதன் தொழிலை அழிக்கின்றான். அயலார் பிள்ளைகளையும், இளமையில் அத்தகைய வண்டியிற் சென்ற முதியோரையும் ஏற்றிக்கொண்டு கடற்கரை வரை சென்று வருபவனே அதனை உண்மையில் உடையவன். ஆகவே என் கட்சி வெறும் ஓட்டுதல் அன்று. பகிர்ந்து ஓட்டுதலே ஆம்.

ஓட்டுவோர்க்கும் சில வரம்புகள் உண்டு. போர்டு வண்டிகளுக்கு 1939-ஆம் ஆண்டிலேதான் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குந் தடை வந்தது; அதற்கு முற்பட்டவை கம்பியும் கோலும் கொண்டு நிறுத்தப்பட்டன. அக்கால விளக்குக்கள் 6 வோல்ட்டு மின்சாரத்தில் மங்கலாய் எரிந்தன. அரைப்பட்டைகளோ இல்லை. ஆதலின் பகலொளியிலும், மழையற்ற நாளிலும், முன்செல்லும் வண்டிக்கு நெடுந்தூரம் விட்டும் செலுத்தல் வேண்டும். அரைப்பட்டை பொருத்துதல் பழமைக்குப் பங்கம் என்பார் சொல்லை யான் ஏற்கேன். உயிரினும் பழமை பெரிதன்று.

காட்சிச்சாலை வேண்டாவென்று யான் கூறவில்லை. ஒரு வகையில் எஞ்சிய ஒரே வண்டியாயின், அது பின்வருவோர்க்கு அளவுகோலாய் அசையாதிருக்கட்டும். ஏனையவற்றின் இடம் சாலையே. தேர் ஆண்டு முழுதும் நிலையில் நிற்பினும், ஓடும் நாளிலன்றோ ஊர் அதனைத் தன்னுடையதென்று காண்கின்றது? மரவண்டியும் அத்தகையதே. பழமையைப் போற்றும் நாம், நம் கையிலுள்ள பழம்பொருள்களைப் பூட்டி வைத்தோமோ, வழங்கி வாழவைத்தோமோ என்று நம்மை நாமே வினவிக்கொள்வது நலம்.